தவக்காலத்துல எதையாவது விடணும்னு சொல்றாங்களே, அது எதுக்கு?

போன வருஷம் தவக்காலத்துல நான் டீயை விட்டேன். ஆபீஸ்ல காலைல பதினோரு மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் எல்லாரும் கீழ கடைக்குப் போவோம், நானும் கூடவே போய் சும்மா நின்னுட்டு வருவேன். ரெண்டு நாள் பாத்துட்டு மூணாவது நாள் கூட வேலை பாக்கற அண்ணன் ஒருத்தர் கேட்டாரு, “என்னப்பா, ஏதாவது வேண்டுதலா?” வேண்டுதல் எல்லாம் இல்லண்ணே, தவக்காலம்னேன். “அப்படின்னா?” ஈஸ்டருக்கு முன்னாடி 40 நாள் ஏதாவது ஒண்ணை விட்டுடுவோம்ணேன்னு சொன்னேன். அவரு டீயை ஒரு வாய் குடிச்சிட்டு, “சரி, அந்த டீ காசு எங்க போகுது?”ன்னாரு.

எங்கயும் போகல. என் ஜிபே அக்கவுண்ட்லயேதான் கெடந்துச்சு. ஞானஸ்நானம் வாங்கி முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, ஞாயித்துக்கிழமை மறைக்கல்வி எல்லாம் படிச்சவன், ஆனா இந்தக் கேள்விய என்கிட்ட யாரும் இப்படி நேரா கேட்டதில்ல. அதுக்கப்புறம் கொஞ்சம் படிச்சேன், எங்க அம்மாச்சி பண்ணதை எல்லாம் திரும்ப யோசிச்சுப் பாத்தேன், அதைத்தான் இங்க எழுதறேன். கிறிஸ்தவம் பத்தி ஒண்ணுமே தெரியாதவங்களுக்கும் புரியற மாதிரி எழுத முயற்சி பண்றேன், தெரிஞ்சவங்க பொறுத்துக்கோங்க.

முதல்ல அந்த அண்ணன் கேட்ட ‘வேண்டுதலா’வுக்கே வருவோம். நம்ம ஊர்ல விரதம்னா நேர்த்திக்கடன்தான் ஞாபகம் வரும். பையனுக்கு வேலை கிடைக்கணும், பொண்ணுக்கு நல்லபடியா பிரசவம் ஆகணும், அதுக்கு ஒரு நேர்ச்சை. கிறிஸ்தவங்களும் இப்படித்தான், மொட்டை போடறேன்னு நேர்ந்துக்கிட்டு வேளாங்கண்ணிக்கு நடந்தே போறவங்க எத்தனை பேர் இருக்காங்க. அதை நான் குறை சொல்லல, எங்க வீட்லயே உண்டு. ஆனா தவக்கால ஒறுத்தல், அதாவது இப்படி ஒண்ணை விடறது, அந்தக் கணக்குல சேராது. இதுல கடவுள்கிட்ட இதைக் குடுன்னு கேக்கறதுக்கு எதுவும் இல்ல, நான் டீய விட்டா அவரு எனக்கு இன்க்ரிமென்ட் வாங்கித் தரணும்னு ஒப்பந்தமும் இல்ல. பின்ன என்னத்துக்குங்கறதுதான் விஷயம்.

நாள் கணக்கை சீக்கிரம் சொல்லிடறேன். இயேசு உயிர்த்ததைக் கொண்டாடற ஈஸ்டர் ஒவ்வொரு வருஷமும் மாறும், மார்ச் 21க்கு அப்புறம் வர்ற பௌர்ணமியை வச்சு கணக்கு போடுவாங்க. அதுல இருந்து பின்னாடி எண்ணிக்கிட்டு வந்தா திருநீற்றுப் புதன், சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) காரங்க சாம்பல் புதன்னு சொல்லுவாங்க, அன்னைக்கு ஆரம்பம். 2025ல மார்ச் 5 புதன், ஏப்ரல் 20 ஈஸ்டர். விரல் விட்டு எண்ணிப் பாத்தா நடுவுல 46 நாள் வரும், என்னடா 40ன்னு சொன்னாங்களேன்னு தோணும். அதுல ஆறு ஞாயித்துக்கிழமை இருக்கு, ஞாயிறு இயேசு உயிர்த்த நாள்ங்கறதால அன்னைக்கு நோன்பு கிடையாது, அதைக் கழிச்சா 40. (2024ல திருநீற்றுப் புதனும் பிப்ரவரி 14ம் ஒரே நாள்ல வந்துச்சு, காதலர் தினத்துக்கு ஹோட்டல் புக் பண்ணி வச்சிருந்த எங்க பங்குக் கோயில் இளைஞர்கள் சில பேரு முழிச்ச முழி இருக்கே.) 40ங்கற எண்ணும் சும்மா வந்ததில்ல. மோசே சீனாய் மலை மேல சாப்பிடாம இருந்தது 40 நாள், எலியா ஓரேபு மலைக்கு நடந்தது 40 நாள், இயேசு பாலைவனத்துல பட்டினி கெடந்தது 40 நாள். பைபிள்ல 40ன்னு வந்தாலே ஏதோ ஒண்ணுக்குத் தயாராகறாங்கன்னு அர்த்தம் வச்சுக்கலாம்.

கத்தோலிக்கக் கோயில்ல இந்த நாட்கள்ல சாமியார் ஊதா கலர் உடை போட்டிருப்பாரு, பீடத்துல பூ இருக்காது, அல்லேலூயா பாட மாட்டாங்க, கல்யாணம் பெரும்பாலும் வைக்க மாட்டாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிலுவைப்பாதை, அதாவது இயேசு சிலுவை சுமந்து போனதை ஒவ்வொரு கட்டமா நெனச்சு ஜெபம் பண்றது, 14 நிலை, முட்டி போட்டு எந்திரிச்சு முட்டி போட்டு எந்திரிச்சு.

முதல் நாள் நெத்தியில சாம்பல் பூசறாங்கல்ல, அந்த சாம்பல் எங்கருந்து வருதுன்னு நிறைய பேருக்குத் தெரியாது. போன வருஷம் குருத்து ஞாயிறுக்கு, அதாவது ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு, கையில பிடிச்சிட்டுப் போன குருத்தோலைய வீட்ல சிலுவைக்குப் பின்னாடி சொருகி வச்சிருப்போம், அது காஞ்சு பழுப்பாகி பல்லி எல்லாம் குடித்தனம் பண்ணிக்கிட்டு இருக்கும். தவக்காலம் வர்றதுக்கு முந்தின வாரம் அதை எல்லாம் கோயில்ல கொண்டு வந்து குடுங்கன்னு அறிவிப்பு வரும். அதை எரிச்சு சலிச்சு எடுத்த சாம்பல்தான். பூசும்போது “நீ மண்ணாக இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய்”னு சொல்லுவாங்க, இல்லன்னா “மனம் மாறி நற்செய்தியை நம்புங்கள்”னு சொல்லுவாங்க. சாமியார் கொஞ்சம் தாராளமா அள்ளி வச்சாருன்னா மூக்கு மேல உதிரும், தும்மல் வரும், பின்னாடி நிக்கற பசங்க சிரிப்பாங்க. ஓசன்னான்னு புகழ்ந்து பாடி ஆட்டின அதே ஓலை நம்ம நெத்தியில கரியா வந்து உக்காருது, இதுக்கு மேல பிரசங்கமே தேவையில்லன்னு எனக்குத் தோணும். 40 நாள் சமாச்சாரத்துல முதல்ல விட வேண்டியது ‘நான் பெரிய ஆளு’ங்கற நெனப்புன்னு முதல் நாளே சொல்லிடறாங்க.

இப்போ அந்த வார்த்தைக்கு வருவோம். தமிழ்க் கத்தோலிக்கர்கள் இதை ‘ஒறுத்தல்’, ‘ஒறுத்தல் முயற்சி’ன்னு சொல்லுவாங்க. தமிழ்ல ஒறுத்தல்னா தண்டிக்கறதுன்னு அர்த்தம். அதனாலயே சின்ன வயசுல எனக்கு இது ஏதோ நம்மள நாமளே அடிச்சுக்கற சமாச்சாரம்னு ஒரு எண்ணம் இருந்துச்சு. இன்னொரு வார்த்தை பலி. பலிக்கு லத்தீன்ல உள்ள சொல்லைப் பிரிச்சா ‘புனிதமாக்கறது’ன்னு வரும். அதாவது என்கிட்ட இருக்கற ஒரு பொருளை எடுத்து இது இனிமே என்னோடது இல்ல, உன்னோடதுன்னு கடவுள் கையில குடுக்கறது. குடுக்கறதுதான் அங்க முக்கியம், வலி அது கூட வர்றது. அம்மா பிள்ளைக்கு கடைசித் துண்டு மீனை வச்சிட்டு தான் வெறும் குழம்பு ஊத்தி சாப்பிடறாங்கல்ல, அவங்க தன்னை தண்டிச்சுக்கறதா யாராவது சொல்லுவோமா? ஆனா அவங்களுக்கு மீன் பிடிக்காதுன்னும் அர்த்தம் இல்ல.

இதுக்கு பைபிள்ல எனக்குப் பிடிச்ச கதை தாவீது ராஜாவோடது. சாமுவேல் ரெண்டாம் புத்தகம் கடைசி அதிகாரம். நாட்டுல கொள்ளைநோய், ஜனங்க செத்துக்கிட்டு இருக்காங்க, அரவுனாங்கறவரோட களத்து மேட்டுல பலிபீடம் கட்டுன்னு தாவீதுக்கு சொல்லப்படுது. ராஜா தன் களத்துக்கே வர்றாருன்னு பாத்த அரவுனா ஓடி வந்து விழுந்து, ஐயா நிலத்தை எடுத்துக்கோங்க, பலிக்கு என் மாட்டை எடுத்துக்கோங்க, விறகுக்கு என் கதிரடிக்கற உருளையையும் நுகத்தடியையும் எடுத்துக்கோங்க, காசெல்லாம் வேண்டாம்ங்கறாரு. எவ்வளவு வசதி பாருங்க, ஓசியில பலி முடிஞ்சிடும். தாவீது ஒத்துக்கல. எனக்கு செலவில்லாத ஒண்ணை நான் ஆண்டவருக்குக் குடுக்க மாட்டேன்னு சொல்லி 50 வெள்ளி எண்ணி வச்சு வாங்கினாரு. நான் இதைப் படிச்சிட்டு என் பழைய தவக்காலங்களை எல்லாம் ஓட்டிப் பாத்தேன், ஒரு வருஷம் பீட்சாவை விட்டேன், எனக்கு பீட்சாவே பிடிக்காது. ஒரு வருஷம் சிகரெட்டை விட்டேன், அதுக்கு முன்னாடி மாசம்தான் டாக்டர் விடச் சொல்லியிருந்தாரு. ரெண்டுமே அரவுனாவோட மாடு.

சரி, அப்போ நாம குடுக்கற இந்தப் பலியால நமக்கு மீட்பு கிடைக்குமா, பாவம் கழியுமான்னு கேட்டா, இங்கதான் ஜாக்கிரதையா இருக்கணும். கிறிஸ்தவ நம்பிக்கைப்படி பலி ஏற்கனவே குடுத்தாச்சு, பெரிய வெள்ளிக்கிழமை சிலுவையில, ஒரே தடவை எல்லாருக்காகவும். அதோட நாம டீயை விட்டதைச் சேத்து கூட்டிப் பாக்கற கணக்கு கிடையாது. நம்ம ஒறுத்தல் அந்த அன்புக்கு நாம சொல்ற பதில், அவ்வளவுதான். இந்த விஷயத்துலதான் ஐரோப்பாவுல பெரிய சண்டையே நடந்துச்சு, அதுவும் எதை வச்சுன்னா சாஸேஜ்ங்கற இறைச்சிப் பண்டத்தை வச்சு. 1522 மார்ச்ல, தவக்காலத்துல, சுவிட்சர்லாந்து சூரிக் நகரத்துல ஃப்ரோஷவர்னு ஒரு அச்சகக்காரர் வீட்ல சில பேர் உக்காந்து புகை போட்ட சாஸேஜை வெட்டி ஆளுக்குக் கொஞ்சம் சாப்பிட்டாங்க. பிராங்க்ஃபர்ட் சந்தைக்கு புத்தகம் அச்சடிச்சு முடிக்கணும், ராத்திரி பகலா வேலை, வேலைக்காரங்களுக்குத் தெம்பு வேணும்னு அவரு காரணம் சொன்னாரு. தவக்காலத்துல இறைச்சி சாப்பிடறது அப்போ சட்டப்படி குத்தம். ஸ்விங்லிங்கற பாதிரியார் அங்கயே இருந்தாரு, அவரு சாப்பிடல, ஆனா கொஞ்ச நாள்ல எந்திரிச்சு பிரசங்கம் வச்சாரு, நோன்பு இருக்கணும்னா இரு, கறி வேண்டாம்னா விடு, ஆனா கிறிஸ்தவனோட சுதந்திரத்தைக் கட்டிப் போடாதன்னு. கத்தோலிக்கத் திருச்சபைல இருந்து புராட்டஸ்டண்ட் சபைகள் பிரிஞ்ச சீர்திருத்தம் சூரிக்ல இப்படித்தான் வெடிச்சுது.

அதோட தொடர்ச்சியைத்தான் இன்னைக்கும் நம்ம ஊர்ல பாக்கறோம். கத்தோலிக்கர்கள் தவக்காலம்னு அனுசரிப்பாங்க, சிஎஸ்ஐ, லுத்தரன் சபைகள்ல லெந்து நாட்கள்னு சொல்லி தியானக் கூட்டம் வைப்பாங்க, பெந்தெகொஸ்தே சபைகள் நிறைய இதை அனுசரிக்கறதே இல்ல, அதுக்காக அவங்க உபவாசம் இருக்காதவங்கன்னு நெனச்சிடாதீங்க, உபவாச ஜெபம்னா அவங்கதான். கேரளா சுரியானி கிறிஸ்தவங்க அம்பது நோம்புன்னு மீன் முட்டை கூட தொடாம இருப்பாங்க. முறை வேற வேற. ஸ்விங்லி கேட்ட கேள்வி மட்டும் எல்லாருக்கும் பொதுவா நிக்குது, கடவுளுக்காகப் பண்றியா, சட்டத்துக்காகப் பண்றியா?

இயேசு பாலைவனத்துல இருந்த கதை தவக்காலத்தோட முதல் ஞாயித்துக்கிழமை எல்லா வருஷமும் வாசிப்பாங்க. 40 நாள் பட்டினிக்கு அப்புறம் சோதிக்கிறவன், அதாவது சாத்தான் வந்து, நீ கடவுளோட மகன்னா இந்தக் கல்லை ரொட்டியாக்கிச் சாப்பிடுங்கறான். சின்னப் புள்ளையா இருக்கும்போது இதுல என்ன தப்பு இருக்குன்னு யோசிப்பேன், பசிக்குது, சக்தி இருக்கு, யாரோட ரொட்டியையும் பிடுங்கல, பண்ணிக்க வேண்டியதுதானே. “மனிதர் அப்பத்தினால் மட்டும் உயிர் வாழ்வதில்லை”ன்னு பதில் சொல்லிட்டு அவரு பண்ணல. ஆனா அதே ஆளு பிற்பாடு ஐந்து அப்பத்தை வச்சு 5000 பேருக்கு மேல சாப்பாடு போட்டு மிச்சத்தை 12 கூடையில எடுக்க வச்சாரு. தன் பசிக்குப் பண்ணாததை ஊர் பசிக்குப் பண்ணாரு. தவக்கால ஒறுத்தல்னா என்னன்னு என்னை யாராவது ஒரு நிமிஷத்துல சொல்லச் சொன்னா இந்த ரெண்டு கதையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டுவேன்.

திருநீற்றுப் புதன் அன்னைக்கு வாசிக்கறது பைபிள்ல மத்தேயு நற்செய்தி 6ம் அதிகாரம். அதுல மூணு விஷயம் வருது, தர்மம், ஜெபம், நோன்பு. மூணுக்கும் இயேசு ஒரே கண்டிஷன்தான் போடறாரு, விளம்பரம் பண்ணாத. தர்மம் பண்ணா வலக்கை செய்யறது இடக்கைக்குத் தெரியக்கூடாது, ஜெபம் பண்ணா கதவைச் சாத்திக்கோ, நோன்பு இருந்தா முகத்தைத் தொங்கப் போட்டுக்காத, தலைக்கு எண்ணெய் வச்சு முகத்தைக் கழுவிட்டு ப்ரெஷ்ஷா இரு. இப்போ எல்லாம் ‘தவக்காலம் முடியற வரைக்கும் இன்ஸ்டாவுக்கு வர மாட்டேன், பை பை’ன்னு இன்ஸ்டாலயே ஸ்டோரி போடறோம், அது வேற கதை. (நானும் போட்டிருக்கேன்.) அஞ்சாம் நூற்றாண்டுல இத்தாலியில ராவென்னா ஊருக்கு ஆயரா (பிஷப்பா) இருந்த பேதுரு கிறிசோலோகு இந்த மூணையும் பிரிக்க முடியாதுன்னு சொல்லுவாரு. ஜெபம் கதவைத் தட்டுது, நோன்பு கேட்டு வாங்குது, இரக்கம் அதைப் பெற்றுக்கொள்ளுது, ஒண்ணு மட்டும் வச்சிருந்தா ஒண்ணுமே இல்லாத மாதிரின்னு. என் டீ கதையில நோன்பு மட்டும் இருந்துச்சு, மத்த ரெண்டு கால் இல்லாத முக்காலி.

சட்டம்னு பாத்தா கத்தோலிக்கத் திருச்சபைல இப்போ ரொம்ப லேசுதான். திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி ரெண்டு நாள் ஒருசந்தி, அதாவது ஒரு வேளை முழுச் சாப்பாடு, மத்த வேளை வேணும்னா கொஞ்சமா ஏதாவது. இது 18 வயசு முடிஞ்சதுல இருந்து 60வது வயசு தொடங்கற வரைக்கும். தவக்கால வெள்ளிக்கிழமைகள்ல சுத்தபோசனம், மாமிசம் கூடாது, இது 14 வயசுல இருந்து. 1966ல போப் ஆறாம் பவுல் பழைய கெடுபிடியைத் தளர்த்தினதுக்கு அப்புறம் வந்த ஏற்பாடு இது. தமிழ்நாட்டுல நிறைய குடும்பங்க இந்த சட்டத்தை எல்லாம் பாக்கறதே இல்ல, 40 நாளும் வீட்ல கவுச்சியே கிடையாது, தனிப் பாத்திரம் எடுத்து வைக்கறவங்க கூட உண்டு, அது நம்ம மண்ணோட விரத வழக்கம் உள்ள வந்து கலந்தது, நல்லாத்தான் இருக்கு.

ஆனா எங்க கதை வேற. எங்க அம்மாவோட ஊரு தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊரு. சட்டம் தடுக்கறது ஆடு மாடு கோழி மாதிரி இறைச்சியை, மீனை இல்ல. அந்தக் காலத்து ஐரோப்பாக்காரனுக்கு விருந்துன்னா இறைச்சி, அதனால அதை விட்டான். எங்க ஊர்ல கறி எடுக்கறதே திருநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும்தான், தினமும் மீன்தான், அப்போ வெள்ளிக்கிழமை கறி சாப்பிடாம இருக்கறது எந்த ஊரு தியாகம்? சட்டப்படி எல்லாம் சரியா இருக்கும், தட்டுல நெய்மீன் வறுவல் ரெண்டு துண்டு இருக்கும். எங்க அம்மாச்சிக்கு இது ஒத்து வரல. அது வெள்ளிக்கிழமையில மீனைத் தொடாது, கஞ்சியும் துவையலும்தான். மாமா ஒரு தடவை “சாமியாரே மீன் திங்கலாம்னு சொல்றாரு, ஒனக்கென்ன வந்துச்சு”ன்னு கேட்டதுக்கு, “சாமியாரு சொல்றது சட்டம்லே, நான் எனக்குப் பிடிச்சதத்தான விடணும்”னு சொல்லிட்டு அடுப்பைப் பாக்கத் திரும்பிடுச்சு. தாவீது கதை அதுக்குத் தெரியுமான்னு எனக்குத் தெரியாது, படிக்கத் தெரியாத மனுஷி.

சாப்பாட்டை மட்டும் விட்டா போதுமாங்கற கேள்விக்கு நான் படிச்சதுலயே சூடான பதில் 387ம் வருஷத்துது. இன்னைக்கு துருக்கியில இருக்கற அந்தியோக்கியா நகரம். வரி ஏத்திட்டாங்கன்னு ஜனங்க கொதிச்சுப் போய் ரோமப் பேரரசர் தியோடோசியுஸோட சிலைங்களைக் கவுத்துப் போட்டு தெருவுல இழுத்துட்டாங்க. கோவம் ஆறினதும் பயம் பிடிச்சுக்குச்சு, ராஜா ஊரையே அழிச்சிடுவாருன்னு பேச்சு, வயசான ஆயர் பிளாவியன் மன்னிப்பு கேக்க தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளுக்குக் கிளம்பிப் போயிட்டாரு. அது சரியா தவக்காலம். ஊர்ல இருந்த இளம் குரு யோவான் கிறிசோஸ்தோம், தமிழ்ல பொன்வாய் அருளப்பர்னும் சொல்லுவாங்க, அந்த பயந்த ஜனங்களுக்கு வரிசையா பிரசங்கம் வச்சாரு. அதுல ஒண்ணுல கேக்கறாரு, பறவையையும் மீனையும் விட்டுட்டு சகோதரனைக் கடிச்சுத் தின்னா என்ன பிரயோஜனம்னு. புறணி பேசறதை அவரு நரமாமிசம் திங்கற கணக்குல சேக்கறாரு. வாய் மட்டும் நோன்பு இருந்தா போதாது, கண்ணு, காது, கை, கால் எல்லாம் நோன்பு இருக்கணும்ங்கறாரு. எங்க பேமிலி வாட்ஸ்அப் குரூப்ல காலைல சிலுவைப்பாதை படம் போட்டுட்டு மத்தியானம் அடுத்த வீட்டுக் கல்யாணத்தைப் பத்தி ஆளாளுக்கு ஆடியோ போடும்போது எனக்கு இவரு ஞாபகம்தான் வரும். அந்த வருஷம் ஈஸ்டர் சமயத்துல ராஜாவோட மன்னிப்பும் வந்து சேந்துச்சு, அது தனிக் கதை.

இப்போ டீ காசு. அந்த அண்ணன் கேட்டதை ரெண்டாம் நூற்றாண்டுலயே ரோம்ல ஒருத்தர் எழுதி வச்சிருக்காரு. எர்மாஸ்னு பேரு, ‘மேய்ப்பர்’ங்கற அவரோட புத்தகத்தை ஆதிக் கிறிஸ்தவங்க ரொம்ப விரும்பிப் படிச்சாங்க. அதுல நோன்பு எப்படி இருக்கணும்னு சொல்ற இடம் ஒண்ணு வருது. நோன்பு நாள்ல ரொட்டியும் தண்ணியும் மட்டும் எடுத்துக்கோ, அன்னைக்கு நீ வழக்கமா சாப்பிட்டிருந்தா எவ்வளவு செலவு ஆகியிருக்கும்னு கணக்கு போடு, அந்தக் காசை எடுத்து ஒரு விதவைக்கோ அநாதைப் பிள்ளைக்கோ இல்லாதப்பட்டவனுக்கோ குடு. ரொம்ப சிம்பிள். நான் சாப்பிடாத சாப்பாடு இன்னொருத்தர் தட்டுக்குப் போகணும். போகலன்னா அது டயட், இல்லன்னா சேமிப்பு. ரெண்டும் நல்ல விஷயம்தான், ஆனா அதுக்கு தவக்காலம் எதுக்கு, சித்திரையில கூட பண்ணலாமே.

இதைப் படிச்சதும் எனக்கு எங்க அம்மாச்சி வீட்டு அடுப்படி கண்ணு முன்னாடி வந்துடுச்சு. அரிசிப் பானைக்குப் பக்கத்துல சின்னதா ஒரு மண்கலயம் இருக்கும், வாய் மேல ஒரு சிரட்டை கவுத்தி வச்சிருக்கும். உலைக்கு அரிசி அளந்து எடுத்ததும் அதுல இருந்து ஒரு பிடி அள்ளி அந்தக் கலயத்துல போடும். கவனிங்க, பானையில இருந்து தனியா ஒரு பிடி எடுக்கறது இல்ல, நாம சாப்பிடறதுக்குன்னு அளந்த அரிசியில இருந்து ஒரு பிடி. அன்னைக்கு எல்லாருக்கும் ஒரு வாய் சோறு குறையும், குறைஞ்சது யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. பிடியரிசின்னு சொல்லுவாங்க, சிஎஸ்ஐ சபைகள்லயும் பெண்கள் சேத்து வச்சு காணிக்கையாக் குடுக்கற வழக்கம் உண்டு. பெரிய வெள்ளிக்கு முன்னாடி அதைக் கோயில்ல கொண்டு போய் கொட்டும், வேற வீட்டு அரிசியும் சேந்து பெரிய வெள்ளிக்கிழமை கஞ்சிக்கும், மிச்சம் முடியாதவங்க வீட்டுக்கும் போகும். எல்லா வீட்டு அரிசியும் ஒரே மூட்டையில விழும், சன்னம், மோட்டா, ரேஷன் அரிசி எல்லாம் கலந்து, அந்தக் கஞ்சி ஒரு மாதிரி வெந்தும் வேகாமலும்தான் இருக்கும். ஆனா வரிசையில எல்லாரும் நிப்பாங்க, போட் வச்சிருக்கறவரும் நிப்பாரு, வலை தூக்கறவரும் நிப்பாரு.

இதே யோசனைதான் பெரிய அளவுல உலகம் பூரா ஓடுது. ஜெர்மனி ஆயர்கள் 1958ல மிசெரியோர்னு ஒரு அமைப்பை ஆரம்பிச்சாங்க, தவக்காலத்துல மக்கள் விட்டுக்குடுக்கற காசைச் சேத்து மத்த நாட்டு ஏழைகளுக்கு அனுப்ப. அமெரிக்காவுல 1975ல பென்சில்வேனியா பக்கம் அலன்டவுன்ல ஆப்பிரிக்கப் பஞ்சத்துக்காக அட்டைப்பெட்டி உண்டியல் ஒண்ணை வீட்டு வீட்டுக்குக் குடுத்து ஆரம்பிச்சாங்க, அதுக்கு அவங்க வச்ச பேரே சோத்துக் கிண்ணம்ங்கற அர்த்தத்துலதான். நம்ம நாட்லயும் கத்தோலிக்கத் திருச்சபையோட சேவை அமைப்பு காரித்தாஸ் தவக்காலத்துல பசிக்கு எதிரா வசூல் பண்றாங்க, பங்குக் கோயில்ல குடுக்கற அந்த சின்ன அட்டை உண்டியலைப் பாத்திருப்பீங்க. பல வீட்ல அது டிவி மேல தூசி படிஞ்சு கெடக்கும், கடைசி வாரம் ஒரு நூறு ரூபா நோட்டை மடிச்சு உள்ள திணிச்சு எடுத்துட்டுப் போவோம். அது காணிக்கை, ஒத்துக்கறேன். ஒறுத்தல் கணக்குல வருமான்னா, தாவீதைக் கேக்கணும்.

யாரெல்லாம் நோன்பு இருக்க வேண்டாம்னும் சொல்லிடறேன், ஏன்னா இதுல வைராக்கியம் பிடிச்சு உடம்பைக் கெடுத்துக்கறவங்க இருக்காங்க. உடம்பு சரியில்லாதவங்க, கர்ப்பமா இருக்கறவங்க, பால் குடுக்கற அம்மாக்கள், சுகருக்கு மாத்திரை ஊசி எடுத்துக்கறவங்க, கடுமையா உடல் உழைப்பு பண்றவங்க இவங்களுக்கு எல்லாம் கட்டாயம் இல்ல. எங்க பெரியம்மா சுகரோட ஒருசந்தி இருந்து சிலுவைப்பாதை ஒன்பதாம் நிலையில மயங்கி விழுந்தாங்க, ஒன்பதாம் நிலை இயேசு மூணாம் முறை கீழ விழுறது, அதை வச்சு குடும்பத்துல இன்னும் கிண்டல் ஓடுது, ஆனா அன்னைக்கு நாங்க பயந்த பயம் எங்களுக்குத்தான் தெரியும். அப்புறம் ஒரு வேளை சாப்பாட்டுக்கே கஷ்டப்படறவங்ககிட்ட போய் நோன்பு இருன்னு சொல்றது அநியாயம். பைபிள்ல எசாயா புத்தகம் 58ம் அதிகாரத்துல கடவுளே கோவமாப் பேசறாரு, நோன்பு நாள்ல வேலைக்காரனைப் பிழிஞ்சு வேலை வாங்கிட்டு சாக்குத்துணிய விரிச்சு சாம்பல்ல உக்காந்தா அதுக்குப் பேரு நோன்பாங்கறாரு. நான் விரும்பற நோன்பு அநியாயக் கட்டை அவிழ்க்கறது, பசிச்சவனோட உன் சாப்பாட்டைப் பங்கு போடறது, ஆடை இல்லாதவனுக்குக் குடுக்கறதுன்னு பட்டியல் வருது. வீட்டு வேலை செய்யற அக்காவுக்கு ரெண்டு வருஷமா சம்பளம் ஏத்தாம வெள்ளிக்கிழமை சிக்கனை விட்டவங்க அந்த அதிகாரத்தை நிதானமா ஒரு தடவை படிக்கலாம்.

எதை விடறதுன்னு கேக்கறவங்களுக்கு என் அனுபவத்துல சொல்றேன். ஒண்ணே ஒண்ணு எடுங்க, தினமும் கண்ணுல படற விஷயமா எடுங்க, அப்போதான் கை போகும்போதெல்லாம் ஏன் விட்டோம்னு ஞாபகம் வரும், அந்த ஞாபகம் வர்ற நொடியில ஒரு வரி ஜெபம் சொன்னா முக்காலிக்கு இன்னொரு கால் வந்துடும். பெருசா எடுத்தா ரெண்டாவது வாரத்துல விழுந்துடுவோம். விழுந்தாலும் ஒண்ணும் குடி முழுகிடாது, மறுநாள் திரும்ப ஆரம்பிக்கறதுதான், நான் போன வருஷமே ஒரு சனிக்கிழமை ஞாபக மறதியா முழு டம்ளர் டீய குடிச்சு முடிச்சிட்டு கடைசி மடக்குல முழிச்சேன். எரிஞ்சு எரிஞ்சு விழறதையும் விடற லிஸ்ட்ல சேத்துக்கங்க, டீய விட்டதுல தலைவலி வந்து வீட்ல எல்லார் மேலயும் நான் பாஞ்சதுக்கு, “நீ டீயே குடிச்சுத் தொலை, எங்களுக்கு அதுதான் பெரிய தியாகம்”னு என் மனைவி சொன்னா.

இந்த வருஷமும் டீதான். ஒரு டீ 15 ரூபா, ரெண்டு டீ 30, 40 நாளைக்கு 1200 ரூபா வருது. தினமும் சாயங்காலம் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல 30 ரூபாய எடுத்துப் போடறேன், சில்லறை இல்லாத நாள்ல மறுநாள் சேத்துப் போடறேன், ஜிபேல ஒண்ணா அனுப்பிடலாம்தான், ஆனா பாட்டில் நிறையறதைப் பாத்தாதான் எனக்கு அந்தக் கலயம் ஞாபகம் வருது. அந்த அண்ணன் நேத்து கடையில நிக்கும்போது திரும்பக் கேட்டாரு, “இந்தத் தடவை காசு எங்க போகுது?” போகுதுண்ணே ஒரு இடத்துக்குன்னேன். எங்கன்னு விடாம கேட்டாரு. நான் மத்தேயு 6 பத்தி சொல்ல ஆரம்பிச்சேன், அவரு சிரிச்சுக்கிட்டே எனக்கு ஒரு சுடுதண்ணி சொன்னாரு.